ஜெர்மனிக்குள் ஊர் மாறுகிறீர்களா? எந்தக் கடிதம் முதலில், எது பிறகு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலை மாற வேண்டுமானால் வேலந்தாவளம் வழியாக ஒரு பஸ் போதும். பழைய இடத்தில் சம்பளம் வாங்கிய கையோடு கிளம்பி, அறை கிடைக்கும்வரை சொந்தக்காரர் வீட்டில் தங்கி, ரேஷன் கார்டை ஊரிலேயே விட்டுவிட்டு வருடக்கணக்காகக் காலம் தள்ளலாம். ஜெர்மனியில் அது நடக்காது. குடியிருப்பு அனுமதி, வேலை ஒப்பந்தம், வீட்டு ஒப்பந்தம், முகவரிப் பதிவு என்று நான்கு தாள்கள் அங்கே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஒன்றைத் தவறான நேரத்தில் உருவினால் மற்ற மூன்றும் ஆட்டம் காணும்.

பாலக்காட்டுச் சித்தூர், தேவிகுளம், பீர்மேடு, களியக்காவிளைப் பக்கங்களிலிருந்து நர்ஸ் வேலைக்கும் தொழில்நுட்ப வேலைக்கும் ஜெர்மனிக்குப் போய், ஒரு சின்ன ஊரில் முதல் வருடங்களை ஓட்டிவிட்டு, இப்போது பெரிய நகரத்துக்கோ கணவன், மனைவி வேலை பார்க்கும் ஊருக்கோ மாற நினைப்பவர்களுக்காக இது எழுதப்படுகிறது. பெட்டி கட்டுவதைப் பற்றி இதில் அதிகம் இல்லை. பெட்டி கட்டுவது ஒரு நாள் வேலை. அதற்கு முந்தைய நான்கு மாதம்தான் விஷயம்.

முதலில் உங்கள் சொந்தத் தாளைப் படியுங்கள்

குடியிருப்பு அட்டையோடு ட்ஸூசாட்ஸ்பிளாட் என்ற மடித்த தாள் ஒன்று கொடுத்திருப்பார்கள். பலர் அதை பாஸ்போர்ட் உறைக்குள் செருகிவிட்டு மறந்துபோகிறார்கள். எந்த வேலையை, யாரிடம் செய்ய உங்களுக்கு அனுமதி என்பது அதில்தான் இருக்கிறது. அங்கே ஒரு மருத்துவமனையின் பெயரோ கம்பெனியின் பெயரோ இருந்தால், அந்தப் பெயர் மாறும்வரை வேறிடத்தில் ஒரு ஷிப்ட்கூடப் பார்க்கக் கூடாது. புதிய இடத்தில் "ஒரு நாள் வந்து வார்டைப் பார்த்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிடுவது வேறு, சீருடை போட்டு வேலையில் இறங்குவது வேறு.

அடுத்து, அட்டையில் எந்தச் சட்டப் பிரிவு அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் என்ன செய்யலாம் என்பது அந்தப் பிரிவைப் பொறுத்தது.

பிரிவு 16டி என்றால், உங்கள் நர்சிங் படிப்புக்கான அங்கீகாரம் இன்னும் முடியவில்லை, முடிப்பதற்காகத்தான் அங்கே இருக்கிறீர்கள் என்று பொருள். இந்த நிலையில் ஊர் மாறாதீர்கள். அங்கீகாரம் கொடுப்பது மத்திய அரசு அல்ல. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அலுவலகம் இருக்கிறது. என்னென்ன குறைகிறது என்று ஒரு மாநிலம் எழுதிக் கொடுத்த முடிவை வைத்துக்கொண்டு இன்னொரு மாநிலத்துக்குப் போனால், கோப்பு கை மாறும், அங்கே பயிற்சி இடமும் தேர்வு இடமும் புதிதாகத் தேட வேண்டிவரும், அனுமதியும் புதிதாக வாங்க வேண்டிவரும். கென்ட்னிஸ்ப்ரூஃபுங் எனும் அறிவுத் தேர்வில் தோற்றால் ஒரே ஒரு முறைதான் மறுபடி எழுத முடியும். அதை ஊர் மாறும் அலைச்சலுக்கு நடுவில் எழுதுவது நல்ல யோசனை அல்ல. ஊர்குண்டே எனும் தொழில் அனுமதிச் சான்று கைக்கு வந்துவிட்டால் கதையே வேறு. பவேரியாவில் வாங்கிய ஊர்குண்டே ஹாம்புர்க்கிலும் செல்லும், பெர்லினிலும் செல்லும்.

18ஏ, 18பி இரண்டும் தகுதி பெற்ற தொழிலாளர்களுக்கானவை. முன்னது தொழிற்பயிற்சி பெற்றவர்களுக்கு, பின்னது பட்டதாரிகளுக்கு. அங்கீகாரம் முடித்த நர்ஸ்கள் பெரும்பாலும் 18ஏயில் இருப்பார்கள். முதல் இரண்டு வருடங்களில் வேலை மாற்றத்துக்கு மத்திய வேலைவாய்ப்பு முகமையின் இசைவு வேண்டும். அதை நீங்கள் நேரில் போய்க் கேட்க வேண்டியதில்லை. வெளிநாட்டவர் அலுவலகமான ஔஸ்லெண்டர்பெஹோர்டேவே உள்ளுக்குள் கேட்டு வாங்கிக்கொள்ளும். உங்கள் பங்கு, சம்பளம், வேலை நேரம், பணியின் தன்மை எல்லாம் எழுதப்பட்ட வேலை விவரப் படிவத்தைப் புதிய முதலாளியிடம் நிரப்பி வாங்கிக் கொடுப்பது. இந்தப் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். காப்பீட்டுப் பங்களிப்போடு இரண்டு வருடம் வேலை பார்த்திருந்தாலோ, மூன்று வருடம் அனுமதியோடு தொடர்ந்து தங்கியிருந்தாலோ முகமையின் இசைவு தேவையில்லை. ஆனால் தாளில் பழைய முதலாளி பெயர் இன்னும் இருந்தால், அதை எடுக்கச் சொல்லி எழுதிக் கேட்க வேண்டும். காலம் கடந்தது என்பதற்காகப் பெயர் தானாக அழியாது.

18ஜி என்பது புளூ கார்டு, பெரும்பாலும் நல்ல சம்பளத்தில் வேலை பார்க்கும் பட்டதாரிகளுக்கான அனுமதி. 2023 நவம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இதில் வேலை மாறுவது எளிது. முதல் 12 மாதத்துக்குள் மாறினால் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 30 நாள்வரை மாற்றத்தை நிறுத்திவைத்துப் பரிசீலிக்கலாம், தகுதி இல்லையென்றால் மறுக்கவும் செய்யலாம். 12 மாதம் தாண்டியவருக்கு அந்தத் தடை இல்லை.

நிரந்தர அனுமதிக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம்தான் பாக்கி என்றால், பொறுத்திருந்து அதை வாங்கிக்கொண்டு மாறுங்கள். 18ஏ, 18பி காரர்களுக்கு மூன்று வருடமும் 36 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் தேவை. புளூ கார்டில் பி1 எனும் இடைநிலை ஜெர்மன் இருந்தால் 21 மாதம், ஏ1 எனும் தொடக்க நிலை மட்டும் என்றால் 27 மாதம். நிரந்தர அனுமதி வந்த பிறகு எந்த ஊரில், யாரிடம் வேலை பார்த்தாலும் கேட்பாரில்லை. ஊர் மாறியதால் சேர்ந்த மாதங்கள் அழிந்துபோகா. இரண்டு வேலைக்கு நடுவே பங்களிப்பு இல்லாமல் போகும் மாதம்தான் கணக்கில் குறையும்.

மலையாளச் சேச்சிமார் நடத்தும் வாட்ஸ்அப் குழுக்களில் இதையெல்லாம் கேட்டால் பதில் உடனே வரும், அன்பாகவும் வரும். பதில் சொல்பவர் எந்தப் பிரிவில் இருந்தார் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். புளூ கார்டு வைத்திருந்தவர் "நான் ஒரு மெயில் போட்டேன், அவ்வளவுதான்" என்று சொல்வதை நம்பி 18ஏ காரர் வேலையை விட்டால் சிக்கல்தான்.

நாள்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

அக்டோபர் 1ஆம் தேதி புதிய ஊரில் வேலை தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கடிதம் எப்போது போக வேண்டும்?

வாடகை வீட்டைக் காலி செய்ய மூன்று மாத அறிவிப்பு. ஒரு மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் கடிதம் வீட்டுக்காரர் கையில் சேர்ந்தால் அந்த மாதமும் அடுத்த இரண்டு மாதமும் கணக்கு. ஆகவே செப்டம்பர் முடிவில் விடுபட, ஜூலை மூன்றாம் வேலைநாளுக்குள் கடிதம் சேர வேண்டும். ஒரு நாள் தவறினால் அக்டோபர் வாடகையும் உங்கள் தலையில்.

வேலைக்குச் சட்டப்படியான அறிவிப்புக் காலம் நான்கு வாரம், அதுவும் 15ஆம் தேதியிலோ மாத முடிவிலோதான் முடியும். தகுதிகாண் காலமான முதல் ஆறு மாதத்தில் இரண்டு வாரம். இதை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு அரசு, நகராட்சி மருத்துவமனைகளில் இருப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அங்கே நடைமுறையில் இருக்கும் டி.வி.ஓ.டி. ஊதிய ஒப்பந்தப்படி, ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு ஆறு வாரம், ஐந்து வருடமானால் மூன்று மாதம். அதோடு காலாண்டு முடிவில்தான் வெளியேற முடியும். மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர், இந்த நான்கு மாதங்களின் கடைசி நாள் மட்டுமே. செப்டம்பர் 30இல் வெளியேற ஆகஸ்ட் 19க்குள் கடிதம் சேர்ந்திருக்க வேண்டும். 20ஆம் தேதி கொடுத்தால் டிசம்பர் 31தான். உங்கள் ஒப்பந்தத்தில் வேறு கணக்கு எழுதியிருக்கலாம். அந்தப் பத்தியைக் கண்டுபிடித்து அடிக்கோடிட்டு வையுங்கள்.

இப்போது வரிசையைப் பாருங்கள். வீட்டுக் கடிதம் ஜூலையில், வேலைக் கடிதம் ஆகஸ்டில். இரண்டுக்கும் முன்னால் அனுமதி மாற்றம் கைக்கு வந்திருக்க வேண்டும், அதற்குச் சில வாரம் முதல் சில மாதம்வரை ஆகும். எனவே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்தும் அனுமதி விண்ணப்பமும் ஏப்ரல், மே மாதங்களில் முடிந்திருப்பது நல்லது. கையெழுத்திடும்போதே, குடியிருப்பு அனுமதி கிடைத்தால்தான் இந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டவரை வேலைக்கு எடுத்துப் பழகிய இடங்கள் மறுப்பதில்லை.

ஜூலை பிறந்தும் அனுமதி வரவில்லையா? வீட்டை விடாதீர்கள். ஒன்றிரண்டு மாதம் இரட்டை வாடகை கொடுப்பது வலிக்கும், ஆனால் தாங்கலாம். வேலையும் இல்லாமல், புதிய அனுமதியும் இல்லாமல், வீடும் இல்லாமல் நிற்பதைத் தாங்க முடியாது. ஆகஸ்ட் நடுவிலும் வரவில்லை என்றால் வேலையையும் விடாதீர்கள். சேரும் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிப் புதிய முதலாளியிடம் கேளுங்கள். ஆள் கிடைக்காமல் தவிக்கும் வார்டு காத்திருக்கத்தான் செய்யும்.

விண்ணப்பம் பொதுவாக நீங்கள் இப்போது பதிவாகியிருக்கும் ஊரின் அலுவலகத்தில்தான். புதிய ஊருக்குப் போய்ப் பதிவு செய்த பிறகு கொடுத்தால், பழைய ஊரிலிருந்து கோப்பு வந்து சேரும்வரை புதிய அலுவலகம் கை வைக்காது. அட்டையின் காலாவதி தேதியும் நெருங்கியிருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே நீட்டிப்பும் கேட்டுவிடுங்கள். காலத்தில் கேட்டவருக்கு ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் எனும் இடைக்காலச் சான்று கிடைக்கும், பழைய உரிமைகள் அதில் தொடரும். ஒரு நாள் கழித்துக் கேட்டால் அந்தப் பாதுகாப்பு கேள்விக்குறி ஆகிவிடும்.

ராஜினாமா

மின்னஞ்சலில் அனுப்பிய ராஜினாமா ஜெர்மனியில் செல்லாது. வாட்ஸ்அப்பில் வார்டு சிஸ்டருக்கு அனுப்பியதைச் சொல்லவே வேண்டாம். தாளில் அச்சிட்டு, பேனாவால் கையெழுத்திட்டு, மூலப் பிரதியை நிர்வாகப் பிரிவில் சேர்க்க வேண்டும். நேரில் கொடுத்து, இன்னொரு பிரதியில் "பெற்றுக்கொண்டோம்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குவதுதான் உறுதியான வழி. காரணம் எழுத வேண்டியதில்லை. இன்ன தேதியோடு வேலையை முடித்துக்கொள்கிறேன் என்ற ஒரு வரி போதும்.

கொடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் பணம் திருப்பித் தரும் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். மொழி வகுப்பு, விமானச் சீட்டு, ஏஜென்சி கட்டணம் ஆகியவற்றைச் சொல்லி, இத்தனை வருடத்துக்குள் விலகினால் இவ்வளவு திருப்பிக் கொடு என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். எழுதியிருப்பதெல்லாம் நீதிமன்றத்தில் நிற்காது. நிற்பதும் உண்டு. ஃபேர் இன்டெக்ராட்ஸியோன் என்ற ஆலோசனை மையங்கள் ஜெர்மனி முழுவதும் இருக்கின்றன. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு இலவசமாக ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வார்கள். ராஜினாமா கொடுத்த பிறகு போவதைவிட முன்பே போனால் அவர்களால் அதிகம் உதவ முடியும்.

புதிய வேலை உறுதியாகாமல் விலகுவதை நினைத்தும் பார்க்காதீர்கள். நீங்களாக விலகினால் வேலையில்லாப் படி 12 வாரம்வரை நிறுத்திவைக்கப்படும். வேலை முன்கூட்டியே முடிகிறது என்று தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு நீங்களே தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். முதலாளியும் தனியாகத் தெரிவிப்பார். ஆகவே மறைத்துவைக்க வழியில்லை.

வெளியேறும்போது அர்பைட்ஸ்ட்ஸொய்க்னிஸ் எனும் பணிச் சான்றை விரிவான வடிவில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. படிக்கும்போது எல்லாமே புகழ்ச்சியாகத்தான் தெரியும். "எப்போதும் முழுமையான திருப்தி" என்ற வாசகம் இருந்தால் நல்ல சான்று. வெறும் "திருப்தி" என்று மட்டும் இருந்தால் சுமார் என்று அடுத்த முதலாளி புரிந்துகொள்வார், திருத்தித் தரச் சொல்லுங்கள். எடுத்த விடுப்பு எவ்வளவு என்ற சான்றையும் அந்த வருட வருமான வரிச் சான்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் வரி எண், சமூகக் காப்பீட்டு எண், மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், வங்கிக் கணக்கு, அனுமதி நகல், ஊர்குண்டே நகல் கேட்பார்கள். எண்கள் எதுவும் ஊர் மாறினால் மாறுவதில்லை. முதல் சம்பளத்தில் பாதி போன மாதிரித் தெரிந்தால் சம்பளச் சீட்டில் வரி வகுப்பைப் பாருங்கள். பழைய முதலாளி உங்களை இன்னும் கணக்கிலிருந்து நீக்காவிட்டால் புதிய இடத்தில் அதிக வரி பிடிக்கும் ஆறாம் வகுப்பில் பிடித்திருப்பார்கள். சம்பளப் பிரிவில் சொன்னால் அடுத்த மாதங்களில் சரியாகும்.

வீடு

நர்ஸ்களில் பலர் மருத்துவமனையின் பணியாளர் விடுதியில் இருப்பார்கள். அந்த அறை வேலையோடு கட்டப்பட்டது. அதன் அறிவிப்புக் காலம் தனி ஒப்பந்தத்தில் இருக்கும், மூன்று மாதமாக இல்லாமலும் போகலாம். புதிய மருத்துவமனையிலும் விடுதி இருந்தால் முதல் சில மாதத்துக்கு அதையே கேளுங்கள். தெரியாத ஊரில் தூரத்திலிருந்தே வீடு பிடிப்பது அங்கே பிறந்தவர்களுக்கே பெரும்பாடு.

வீட்டுக்காரர் கேட்கும் தாள்கள் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, புதிய வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட்டும் அனுமதி அட்டையும், பழைய வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்ற கடிதம், ஷூஃபா எனும் கடன் வரலாற்று அறிக்கை. ஒரே பிடிஎஃப் கோப்பாக்கி போனில் வைத்திருங்கள். விளம்பரம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் அனுப்புபவருக்குத்தான் வீட்டைப் பார்க்கக் கூப்பிடுவார்கள்.

வாடகை இரண்டு விதமாகச் சொல்லப்படும். கால்ட்மீட்டே என்பது வீட்டுக்கு மட்டும். வார்ம்மீட்டே என்பது தண்ணீர், குப்பை, பெரும்பாலும் ஹீட்டிங் சேர்த்து. மின்சாரம் பொதுவாக இரண்டிலும் இருக்காது. முன்பணம் மூன்று மாதக் கால்ட்மீட்டேவுக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூன்று மாதத் தவணையாகக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. கால்ட்மீட்டே 700 யூரோ என்றால் முன்பணம் 2,100, முதல் தவணை 700. வார்ம்மீட்டே 900 என்று வைத்தால் சாவி வாங்கும் மாதம் கையில் 1,600 வேண்டும். பழைய வீட்டின் முன்பணம் உடனே வரும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது திரும்ப மாதங்கள் ஆகும், ஹீட்டிங் கணக்கு முடியாவிட்டால் ஒரு பகுதியை அதற்கு மேலும் வைத்துக்கொள்வார்கள். பழைய வீட்டுக்காரரிடம் புதிய முகவரியையும் வங்கி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

விளம்பரத்தில் சமையலறை பற்றி ஒன்றும் இல்லாவிட்டால் சமையலறை இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சிங்க், அடுப்பு, அலமாரி எதுவும் இல்லாமல் சுவரில் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் வீடுகள் அங்கே சாதாரணம். கூரையில் பல்புக்குப் பதில் இரண்டு ஒயர் தொங்கும். போன குடித்தனக்காரர் விட்டுப்போகும் சமையலறையை விலை பேசி வாங்குவதுதான் மலிவு.

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியை பார்சலில் அனுப்புகிறேன் என்று சொல்பவர் வீட்டுக்காரர் அல்ல. இன்னொரு கண்ணி, மலிவாகக் கிடைக்கும் தற்காலிக அறை. "இங்கே முகவரிப் பதிவு செய்ய முடியாது" என்று அவர்கள் சொன்னால் அந்த அறை உங்களுக்கு உதவாது. அந்தப் பதிவு இல்லாமல் புதிய ஊரின் எந்த அலுவலகமும் உங்கள் பெயரில் ஒரு தாளை நகர்த்தாது.

மூன்று பேரை மாற்றாக அழைத்து வந்தால் அறிவிப்புக் காலம் முடியுமுன்பே வீட்டுக்காரர் விட்டே ஆக வேண்டும் என்று பரவலாகச் சொல்வார்கள். அப்படி ஒரு பொது விதி இல்லை. அவர் சம்மதித்தால்தான் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை, பல பேர் சம்மதிக்கிறார்கள்.

கிளம்பும் வாரம்

இந்திய ஓட்டுநர் உரிமம் ஜெர்மனியில் குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். ஆகவே வாடகை வேனை நீங்களே ஓட்டலாம் என்ற திட்டம் பெரும்பாலோருக்கு நடக்காது. ஜெர்மன் உரிமம் உள்ள நண்பரைப் பிடியுங்கள். பெரிய நகரத்தில் வாசலில் வண்டி நிறுத்த இடம் வேண்டுமானால் மற்ற வண்டிகள் அங்கே நிற்காதபடி நகராட்சியில் முன்கூட்டியே நிறுத்தத் தடை அனுமதி கேட்டு, பலகையைச் சில நாள் முன்பே நட வேண்டும்.

வீடு மாறியதை மின்சார நிறுவனத்திடம் முன்பெல்லாம் குடியேறிய பின் வசதிப்படி சொல்லலாம். 2025 ஜூன் 6 முதல் பின்தேதியிட்டுப் பதிவதோ நீக்குவதோ கிடையாது. குடிபோகும் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள், மீட்டர் எண்ணோடு, மின் இணைப்பை அடையாளம் காட்டும் மார்க்ட்லோகாட்ஸியோன் எண்ணையும் வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள். பழைய வீட்டை ஒப்படைக்கும்போது எல்லா மீட்டரையும் படம் எடுத்து, சுவர், தரை நிலையை எழுதிய ஒப்படைப்புக் குறிப்பில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இணைய இணைப்பை அதே நிறுவனம் புதிய முகவரியில் தர முடியாவிட்டால் ஒரு மாத அறிவிப்பில் ஒப்பந்தத்தை முறிக்கலாம். தர முடியுமென்றால் முறிக்க முடியாது.

தபாலுக்கு வருவோம். ஜெர்மன் தபால் நிறுவனத்தில் பழைய முகவரிக்கு வரும் கடிதங்களைப் புதிய முகவரிக்குத் திருப்பிவிடக் கட்டணம் கட்டிப் பதியலாம், 6, 12, 24 மாதங்களுக்கு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பதியுங்கள். அங்கே பிளாட்டுக்குக் கதவு எண் பெரும்பாலும் இருக்காது. தபால்காரர் பார்ப்பது தபால் பெட்டியில் உள்ள பெயரை. பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போகும். வங்கியின் பின் எண், காப்பீட்டு அட்டை, வெளிநாட்டவர் அலுவலகத்தின் அழைப்பு எல்லாம் இப்படித்தான் தொலைகின்றன. நம் பெயர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டதால் அலுவலகக் கடிதம் அந்தப் பெயரில் வரும், பெட்டியில் உங்கள் பெயர் மட்டும் ஒட்டியிருக்கும். இரண்டையும் ஒட்டுங்கள். அறை நண்பர்களோடு இருந்தால் அவர்கள் பெயருக்குக் கீழே உங்களுடையதும் இருக்கட்டும்.

குடியேறிய பிறகு இரண்டு வாரம்

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் புதிய ஊரின் பியூர்கர் ஆம்ட் எனும் குடிமக்கள் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். இதற்குப் பெயர் ஆன்மெல்டுங். குடியேறும் முன்பே செய்ய முடியாது. பெரிய நகரங்களில் நேரம் கிடைக்கவே வாரங்கள் ஆகும் என்பதால் ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே இணையத்தில் நேரம் வாங்கிவையுங்கள். பாஸ்போர்ட், அனுமதி அட்டை, வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்ற உறுதிக் கடிதம் மூன்றும் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதாது, அந்தக் கடிதம் தனி. பழைய ஊரில் பெயரை நீக்க வேண்டியதில்லை, தானாக நீங்கும். அனுமதி அட்டையின் முகவரியையும் அங்கேயே மாற்றச் சொல்லுங்கள்.

படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்றோ புராட்டஸ்டண்ட் என்றோ பதிவானால் திருச்சபை வரி பிடிப்பார்கள். பவேரியாவிலும் பாடன் வூர்ட்டம்பெர்க்கிலும் வருமான வரியில் 8 சதவீதம், மற்ற மாநிலங்களில் 9. ஸ்டுட்கார்ட்டிலிருந்து கொலோன் போனால் சம்பளச் சீட்டில் தெரியும் சிறு வித்தியாசம் இதனால்தான். லத்தீன், சீரோ மலபார் என்ற பிரிவெல்லாம் அங்கே கணக்கில்லை, கத்தோலிக்கர் என்றால் கத்தோலிக்கர்தான். வரி வேண்டாமென்றால் முறைப்படி சபையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும். திருச்சபை நடத்தும் மருத்துவமனையில் வேலை என்றால் அப்படி விலகுவது வேலையைப் பாதிக்கலாம், யோசித்துச் செய்யுங்கள்.

சில வாரத்தில் ஒளிபரப்புக் கட்டணக் கடிதம் வரும். டிவி இல்லை என்று தூக்கிப்போடாதீர்கள். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. வீட்டில் ஒருவர் கட்டினால் போதும். ஏற்கெனவே கட்டுபவர் இருந்தால் அவர் எண்ணை எழுதி அனுப்பி உங்கள் பழைய கணக்கை மூடுங்கள். பதில் போடாதவர் பெயரில் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்.

ஊரில் இருக்கும் குடும்பம்

கணவனோ மனைவியோ இன்னும் ஊரில் இருந்து, குடும்ப விசா விண்ணப்பம் நடந்துகொண்டிருந்தால், ஊர் மாறுவதற்கு முன் இதை எண்ணிப் பாருங்கள். விண்ணப்பம் இந்தியாவில் கொடுத்தாலும், இசைவு தருவது அவர்கள் வந்து குடியேறப்போகும் ஜெர்மன் ஊரின் வெளிநாட்டவர் அலுவலகம். நடுவில் நீங்கள் ஊர் மாறினால் கோப்பு இன்னொரு அலுவலகத்துக்குப் போகும், அங்கே வரிசையில் கடைசியில் நிற்கும். முடிந்தால் விசா வந்து, அவர்கள் வந்து சேர்ந்த பிறகு மாறுங்கள். முடியாதென்றால், மாறிய அன்றே புதிய முகவரியையும் புதிய சம்பள ஒப்பந்தத்தையும் விண்ணப்ப எண்ணோடு தூதரகத்துக்கு எழுதுங்கள்.

எல்லையோரத்துக்காரர்களுக்கு இன்னொரு குழப்பம், எந்தத் தூதரகம் என்பது. கேரளத்தில் வசிப்பவருக்குப் பெங்களூரு ஜெர்மன் துணைத் தூதரகம். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் வசிப்பவருக்குச் சென்னை. மனைவி வீடு பொள்ளாச்சி, புகுந்த வீடு பாலக்காட்டுச் சித்தூர் என்று இருக்கும் குடும்பங்களில், விண்ணப்பிப்பவர் உண்மையில் எங்கே குடியிருக்கிறாரோ, அதற்கான முகவரிச் சான்று எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அதுதான் தீர்மானிக்கும். பாஸ்போர்ட் ஒரு மாநிலம், ஆதார் இன்னொரு மாநிலம் என்று இருந்தால் விண்ணப்பிக்கும் முன்பே ஒன்றைச் சரிசெய்யுங்கள்.

உங்கள் பாஸ்போர்ட் புதுப்பிப்பும் ஊரோடு மாறும். பவேரியா, பாடன் வூர்ட்டம்பெர்க் பகுதிக்கு மியூனிக் இந்தியத் துணைத் தூதரகம், கொலோன் பக்கம் ஃபிராங்க்ஃபர்ட், வடக்கே ஹாம்புர்க், கிழக்கு மாநிலங்களுக்குப் பெர்லின் தூதரகம். காலாவதிக்கு ஆறு ஏழு மாதம்தான் பாக்கி என்றால் பழைய முகவரியில் இருக்கும்போதே முடித்துவிடுவது சுலபம்.

செலவைத் திரும்ப வாங்குவது

வேலைக்காக ஊர் மாறிய செலவை வருமான வரியில் கழிக்கலாம். வேன் வாடகை, வீடு பார்க்கப் போன ரயில் சீட்டு, ஒரே நேரத்தில் கட்டிய இரட்டை வாடகை ஆகியவற்றுக்கு ரசீது வேண்டும். சின்னச் சின்னச் செலவுகளுக்கு ரசீதே இல்லாமல் ஒரு நிலையான தொகையும் உண்டு. 2024 மார்ச் முதல் சொந்தக் குடித்தனத்திலிருந்து மாறுபவருக்கு அது 964 யூரோ, கூட வரும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் 643. விடுதி அறை, பகிர்ந்த அறை போல முன்பு தனிக் குடித்தனம் இல்லாதவருக்கு 193 மட்டும். புதிய முதலாளி செலவை ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தத் தொகையைக் கழித்துத்தான் காட்ட வேண்டும். வரித்துறையின் எல்ஸ்டர் இணையதளத்தில் வருமான வரிக் கணக்கை நீங்களே தாக்கல் செய்யலாம். கட்டாயமில்லாமல் தானாக முன்வந்து தாக்கல் செய்பவருக்கு நான்கு வருடம்வரை அவகாசம் இருக்கிறது. ஆகவே இரண்டு வருடம் முன்பு மாறியவர்களும் அந்த ரசீதுக் கட்டைத் தேடி எடுக்கலாம்.